முதல் டின் இலவசம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. உடம்பைப் பொறுத்தவரை சுகம்தான். போனில் சொல்லலாம் என்றால், முக்கியமான இடத்துக்கு வரும்போது "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் பாதியில் கட் ஆகாது. அதனால்தான் கூரியரில் போடுகிறேன்.

உன் அண்ணியைப் பற்றிய விஷயம். அவள் நர்ஸாக இருக்கும் பிரசவ வார்டுக்கு உங்கள் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பிள்ளை பெற்ற ஒவ்வொருத்திக்கும் ஒரு பால்பவுடர் டின் இலவசம். என் மகள் கம்பெனி என்று நான்கூடப் பக்கத்து வீட்டில் பீற்றிக்கொண்டேன். இந்தத் திட்டத்துக்காக உனக்குப் பதவி உயர்வு கிடைத்தபோது நீ சொன்னாயே, "முதல் டின் நாம குடுத்துட்டா போதும்மா, அப்புறம் அவங்களே தேடி வருவாங்க" என்று. அப்போது எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

நம் பின் தெருவில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். பிரசவமாகி அந்த டின்னோடுதான் வீட்டுக்கு வந்தாள். புட்டியில் குடிப்பது சுலபமாக இருந்ததால் குழந்தை மார்பில் வாய் வைக்கவில்லை. வைக்காமல் வைக்காமல் இவளுக்குப் பால் வற்றிவிட்டது. அதற்குள் இலவச டின்னும் காலி. கடை விலைக்கு அவள் கூலி எட்டவில்லை. வாங்கிய ஒரு டின்னை இழுத்துப் பிடிக்கப் பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினாள். குழந்தை அழாமல் தூங்குகிறது, சமத்து என்று நினைத்திருக்கிறாள், பாவம். துவண்டு கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது உன் அண்ணிதான். இன்னும் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது.

அன்றிலிருந்து அண்ணி டின்களைத் தாய்மார்களிடம் தர விடுவதில்லை. எல்லாவற்றையும் படுக்கை விரிப்பு அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பெரிய டாக்டர் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "அவங்க போட்டுக் குடுத்த ஏசியிலதான் உக்காந்திருக்கோம் சிஸ்டர். பாத்து நடந்துக்கோங்க." இவள் நேரே போய்ச் சுகாதாரத் துறையில் புகார் கொடுத்துவிட்டாள். இப்போது விசாரணை வைத்திருக்கிறார்கள். கம்பெனி தரப்பில் பேசத் தலைமை அலுவலகத்திலிருந்து வரப்போவது நீ என்று அண்ணன் சொல்கிறான். நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை?

வீடு வீடாக இல்லை. "என் தங்கச்சி வயித்துல அடிக்கிறியா?" என்று அண்ணன் குதிக்கிறான். "நான் உங்க தங்கச்சியச் சொல்லல, டின்னச் சொல்றேன்" என்கிறாள் அவள். சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட, "அம்மா, உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க" என்று என் வழியாகத்தான் பேச்சு. இந்த வயதில் எனக்குத் தபால்காரி வேலை.

இன்னொரு பயமும் என்னை அரிக்கிறது. புகார் கொடுத்தவள் உன் அண்ணி என்று அத்தனை பெரிய கம்பெனிக்குத் தெரியாமலா இருக்கும்? நாத்தனாரை எதிரில் உட்கார வைத்தால் அவள் வாயடைத்துப் போவாள் என்றுதானே உன்னை அனுப்புகிறார்கள்? உனக்கு இது தோன்றவில்லையா? தோன்றியும் வருகிறாயா?

உன்னைத் தோற்றுப் போகச் சொல்லவில்லை. வந்ததும் நம் வீட்டுக்கு வருவதற்கு முன்னால், யாரென்று சொல்லாமல் ஒருமுறை அந்தக் குழந்தை படுத்திருக்கும் வார்டுக்குப் போய்வா. கம்பெனி காரில் போகாதே. பத்திரமாக வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா


என் கண்ணான மகளுக்கு,

விசாரணைக்கு வர நீ விமானம் ஏறியதிலிருந்து உன் போன் அணைந்தே கிடக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு நேராக வருமா, வேறு யாராவது பிரித்துப் பார்ப்பார்களா என்றுகூடத் தெரியவில்லை. பார்த்தால் பார்க்கட்டும்.

விசாரணை அன்று உனக்கும் சேர்த்துச் சமைத்து வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். அண்ணி மட்டும்தான் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "அத்தை, அவ வார்டுக்குப் போயிட்டுத்தான் விசாரணைக்கு வந்திருக்கா" என்றாள். காஜா எடுக்கும் பெண் சொன்னாளாம். யாரோ ஒரு பொண்ணு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள், குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், கிளம்பும்போது குழந்தைக்குப் பெயர் என்ன என்று கேட்டாள் என்று.

பிறகு அண்ணி நடந்ததைச் சொன்னாள். பவுடரை எவ்வளவு கலக்க வேண்டும் என்று டின்னிலேயே அச்சடித்திருக்கிறது, அதைப் பார்க்காதது தாயின் தவறு என்று உங்கள் வக்கீல் பேசினாராம். "அவளுக்குப் படிக்கத் தெரியும் சார், வாங்கத்தான் முடியல" என்றாளாம் இவள். அதிகாரி உன் பக்கம் திரும்பி, உங்கள் கருத்து என்ன என்று கேட்டிருக்கிறார். நீ தண்ணீர் குடித்தாயாம். அப்புறம் நீ சொன்னதை அண்ணி அப்படியே ஒப்பித்தாள்.

"உதவி பண்றதுக்காக நாங்க இலவசமாக் குடுக்கல. தாய்ப்பால் நின்னுபோனா எங்க டின்ன விட்டா வேற வழியில்லன்னு தெரிஞ்சுதான் குடுத்தோம். திட்டம் தப்பாப் போகல சார். நாங்க நெனச்ச மாதிரியேதான் நடந்திருக்கு. அதப் போட்டவ நான்."

வக்கீல் எழுந்து, விசாரணையைத் தள்ளிவைக்க வேறு தேதி கேட்டாராம். உன்னோடு வந்தவர்கள் உன்னைக் கையோடு காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். தெருமுனை வரை அண்ணி பின்னாலேயே ஓடியிருக்கிறாள். நீ திரும்பிப் பார்த்தாயா என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள்.

உன் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய், ஒரு தட்டில் சாப்பாடு போட்டு எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் பார்த்திராத காட்சி.

இங்கே வார்டில் டின் கொடுப்பதை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. மற்ற ஊர்களில் என்ன நடக்கிறதோ. நீ பேசியது உன் சொந்தக் கருத்து என்று பத்திரிகையில் கம்பெனி அறிக்கை விட்டிருக்கிறது. அண்ணிக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, பஸ் மாறிப் போக வேண்டிய தூரம். முணுமுணுக்காமல் போய்வருகிறாள். காஜாக்காரப் பெண்ணின் குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. எடை ஏறுகிறது, ஆனால் மெதுவாக.

நேற்று உன் கம்பெனியிலிருந்து என்று கோட்டு போட்ட இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். "உங்க பொண்ணு இங்க ஏதாவது விட்டுட்டுப் போனாங்களாம்மா?" என்று கேட்டார்கள். அவள் வீட்டுக்கே வரவில்லை, எதை விட்டுவிட்டுப் போவாள் என்றேன். அவர்கள் போனதும் வாசல் கதவைத் தாழிட்டேன். எதைத் தேடுகிறார்கள்? உன்னை என்ன செய்யப் பார்க்கிறார்கள்?

வேலை இருக்கிறதா, கேஸ் போடுவார்களா, அடுத்து என்ன என்றெல்லாம் நீ எனக்கு விளக்கி எழுத வேண்டாம். எழுத முடியாத நிலைமையாகக்கூட இருக்கலாம். "சாப்பிட்டேன்" என்று ஒரு வார்த்தை, யார் போனிலிருந்தாவது அனுப்பு. மிச்சத்தை நான் புரிந்துகொள்வேன்.

தலை நிமிர்ந்து நன்றாக இரு, என் தாயே.

அம்மா