பேனரில் இல்லாத சம்பளம்

பொம்மசந்திரா
14 ஜூலை 2025

அன்பு மாமாவுக்கு,

உங்கள் ரூபினி எழுதுவது. போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் நம்மில் ஒருவர் கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறோம். அதனால் மெயிலில் கடிதமாகவே எழுதுகிறேன். இதில் குறுக்கே பேச முடியாது பாருங்கள்!

எனக்கு சீட் கிடைத்துவிட்டது! கம்ப்யூட்டர் சயன்ஸ் பி.இ. கல்யாணத்துக்கு முன் முடித்த டிப்ளமோ எட்டு வருஷமாக பீரோவில் கிடந்ததே, அதை வைத்து நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம். மூன்றே வருஷம். காலேஜ் வாசலில் ஒரு பையன் போட்டோவோடு பெரிய பேனர்: ‘ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம்’. வெயிலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஃபீஸ் வருஷத்துக்கு மூன்று லட்சம். ஒன்பது லட்சத்துக்கும் பேங்க் லோன் தருகிறார்கள். ஃபாக்டரி வேலையை விட வேண்டும். லோனுக்கு கணவர் கையெழுத்து, அதாவது உங்கள் கையெழுத்து, வேண்டும். அத்தையிடம் சொன்னேன். "எனுக்கு சந்தோஷம்தான்மா, அவன ஒரு வார்த்த கேட்டுக்கோ" என்றார். கேட்கிறேன்.

கத்தாருக்குப் போன முதல் இரண்டு வருஷம் வீட்டுக்கு ஏன் அவ்வளவு குறைவாகப் பணம் அனுப்பினீர்கள் என்று நான் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. அதற்காகவாவது சரி சொல்லுங்கள்.

அன்புடன்,
ரூபினி


தோஹா
16 ஜூலை 2025

ரூபினிக்கு,

நலம். கடன் வேண்டாம். படித்து முடித்தவர்களே வேலையில்லாமல் இருக்கிறார்கள், இனி கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதிவிடும் என்று இங்கே எல்லோரும் பேசுகிறார்கள். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு ஒன்பது லட்சம் கடனில் இறங்காதே. அம்மாவுக்கு பி.பி. மாத்திரை வாங்கிக் கொடு.

விக்கி


பொம்மசந்திரா
17 ஜூலை 2025

மாமா,

மாத்திரை போன வாரமே வாங்கிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கடன் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு என்ன தெரியும்? காலேஜைப் பார்த்தீர்களா? யாரையாவது விசாரித்தீர்களா? பதில் இல்லையென்றால் எழுத வேண்டாம்.

ரூபினி


தோஹா
25 ஜூலை 2025

அன்புள்ள ரூபினிக்கு,

எட்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன். எனக்கு என்ன தெரியும் என்று கேட்டாய். சொல்கிறேன்.

என்னை இங்கே அனுப்பிய ஏஜெண்டும் ஒரு பேனர் காட்டினான். மாதம் 1,800 ரியால் என்றான். அதை நம்பி அவனுக்குக் கொடுக்க வட்டிக்கு இரண்டேகால் லட்சம் வாங்கினேன். வந்து இறங்கினால் 1,100 தான். கம்பெனி பாதிச் சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று உன்னிடம் சொன்னது பொய். இருபத்தாறு மாதம் அந்தக் கடனைத்தான் கட்டினேன். வெட்கத்தில் சொல்லவில்லை. நான் பணத்தை வேறு எங்கோ செலவழிக்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டாய் என்று தெரியும். அது கடனைவிடப் பாரமாக இருந்தது.

அன்றைக்கு ஏஜெண்டிடம் கேட்கத் தெரியாததை நீ காலேஜில் கேள். அதிகம் வாங்குகிறவன் எவ்வளவு வாங்குகிறான் என்று கேட்காதே. நடுவில் இருக்கிறவனுக்கு எவ்வளவு? வேலையே கிடைக்காதவர்கள் எத்தனை பேர்? ஆபீஸில் கேட்காதே, படித்து முடித்தவர்களைப் பிடித்துக் கேள். அதற்குப் பிறகும் நீ வேண்டும் என்றால் கையெழுத்துப் போடுகிறேன்.

உன்
விக்கி


பொம்மசந்திரா
24 ஆகஸ்ட் 2025

என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஃபாக்டரி கேன்டீனில் படித்து அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த ஆஞ்சலா, "ஏன்டி, ஊட்ல எல்லாம் நல்லாருக்காங்கல்ல?" என்று பயந்துபோனாள். நல்லாயிருக்காங்க என்றேன். ஆறு வருஷமாக ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தீர்களே! சொல்லியிருந்தால் என் வளையலை வைத்தாவது பாதியை அடைத்திருப்பேனே.

சரி, கேளுங்கள். நீங்கள் சொன்னபடியே போனேன். போன வருஷம் முடித்த ஷ்ரேயாஸ் என்ற பையன் சர்டிஃபிகேட் வாங்க வந்திருந்தான். "அக்கா, அந்தப் பன்னெண்டு லட்சம் ஒரே ஒருத்தனுக்குத்தான். மூணு வருஷமா அவன் போட்டோவேதான் தொங்குது" என்றான். ஷ்ரேயாஸின் வகுப்பில் அறுபது பேர். வேலை கிடைத்தது முப்பத்தொரு பேருக்கு. பெரும்பாலும் வருஷத்துக்கு மூன்றரை லட்சம், கைக்கு வருவது மாதம் இருபத்தைந்தாயிரம். பேங்கில் கேட்டேன். ஒன்பது லட்சம் படிப்பு முடிவதற்குள் வட்டியோடு பதினொன்றைத் தாண்டிவிடுமாம், ஏழு வருஷம் மாதம் பத்தொன்பதாயிரம் கட்ட வேண்டுமாம். மிச்சம் ஆறாயிரம்! நான் இப்போதே பதினெட்டாயிரத்து ஐந்நூறு வாங்குகிறேன்.

அன்று ராத்திரி அந்தக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மறுநாள் ஷ்ரேயாஸே போன் செய்தான். வேலை பார்க்கிறவர்களுக்கு மாலையில் நடக்கும் இன்னொரு காலேஜ் இருக்கிறது, அதே பி.இ., மூன்று வருஷத்துக்கும் சேர்த்து ஒரு லட்சத்து எண்பதாயிரம்தான் என்றான். ஓடினேன் மாமா! கடைசி நான்கு இடத்தில் ஒன்று எனக்கு!

இங்கே பேனர் கிடையாது. முடித்த ஐந்து பேரிடம் பேசினேன். மூன்று பேருக்குச் சம்பளம் கூடியிருக்கிறது, இரண்டு பேர் பழைய இடத்திலேயே இருக்கிறார்கள். எங்கள் மேனேஜர் ஆராவமுதன் சார், "டிகிரி வந்தா டெஸ்டிங் செக்ஷன்ல கேட்டுப் பாக்கறேன். எழுதியெல்லாம் தர மாட்டேன்" என்றார். அவர் எழுதித் தர மாட்டேன் என்றதால்தான் நம்புகிறேன். காலை ஆறு மணி ஷிப்டையே எனக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார். இரண்டு மணிக்கு விட்டால், இந்த மாதம் திறந்த மஞ்சள் லைன் மெட்ரோவில் ஏறி நேரத்துக்குப் போய்விடலாம். இதற்கு லோன் தவணை மாதம் நாலாயிரம்தான். டெஸ்டிங் கிடைக்காவிட்டால்கூட என் சம்பளத்திலேயே கட்டிவிடுவேன்.

இன்னொன்று. அந்தப் பத்தொன்பதாயிரம் தவணைக்கு நீங்கள்தான் இன்னும் ஏழு வருஷம் அங்கே வெயிலில் நிற்க வேண்டியிருக்கும். பேங்க் அந்த விலையைச் சொல்லவில்லை. நானாகத்தான் புரிந்துகொண்டேன்.

செப்டம்பர் எட்டாம் தேதி முதல் வகுப்பு. நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய லோன் படிவம் இத்துடன் இருக்கிறது.

முத்தங்களுடன்,
உங்கள் ரூபினி


தோஹா
2 செப்டம்பர் 2025

என் ரூபினிக்கு,

கையெழுத்துப் போட்டு கூரியரில் அனுப்பிவிட்டேன். அந்த ஏஜெண்டின் காகிதத்தில் படிக்காமல் போட்டேன், இதை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுப் போட்டேன்.

உன் கடிதத்தை ரூமில் சத்தமாகப் படித்தேன், கடைசிப் பகுதியைத் தவிர. தருண் என்று மைசூர்க்காரன் ஒருவன், தங்கை சேரப்போகும் காலேஜில் இதையெல்லாம் விசாரிக்கச் சொல்லி உடனே வீட்டுக்குப் போன் போட்டான்.

என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. நேற்று ஃபோர்மேன் புதுப்பிக்கிற காகிதத்தை நீட்டினார். வேண்டாம், ஊருக்குப் போகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். என் பெண்டாட்டி இன்ஜினியரிங் படிக்கிறாள் என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் வெளியே வந்துவிட்டேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

இங்கே ஓட்டுகிற கிரேனைப் பொம்மசந்திராவிலேயே ஓட்டிக்கொள்கிறேன், சம்பளம் குறைவாக இருந்தாலும் சரி. நீ மாலையில் காலேஜுக்குப் போய்விடுவாய், ராத்திரிச் சமையல் என்னுடையது. எனக்குத் தெரிந்தது தக்காளி சாதம் ஒன்றுதான். அம்மாவை இப்போதே தயார்படுத்தி வை.

உன்
விக்கி