அக்கா வண்டி எங்கே?

மூக்குக்கண்ணாடிக்காகக் கைப்பையைத் துழாவினால் உன் சாவிக்கொத்தில் தொங்கும் மணிதான் முதலில் விரலில் மாட்டுகிறது. இன்று மத்தியானமும் அப்படித்தான். ஸ்டாஃப் ரூம் ஜன்னலுக்கு வெளியே, கேம்ப் ரோடு பக்கம், கருகருவென்று இருட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் போன் சிணுங்கியது. நம் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் சாந்தி கேட்டிருந்தாள்: "அக்கா வண்டி எங்க இருக்கு?"

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் உன்னைத்தான் கேட்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறதடி. செத்துப்போனவள் மேல் பொறாமைப்படலாமா என்று கேட்காதே. நீ உயிரோடு இருந்தபோதே பட்டாயிற்று, இப்போது மட்டும் நிறுத்திவிட முடியுமா? சீக்கிரம் வீட்டுக்குப் போகப் பர்மிஷன் கேட்டு ஹெட்மிஸ்ட்ரஸுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்வரை உன்னோடு கொஞ்சம் சண்டை போடுகிறேன்.

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்னால் நம் தெரு எவ்வளவு பள்ளம் என்று உனக்கே தெரியும். அந்தப் பெருவெள்ளத்தில் உன் தரைத்தள வீட்டுக்குள் ஜன்னல் வரைக்கும் தண்ணீர். நீயும் உன் வீட்டுக்காரரும் எதிரே என் மாடிக்கு ஏறி வந்தீர்கள். பக்கவாதம் வந்து படுத்திருந்த பக்கத்து வீட்டு ராஜமாணிக்கம் சாரை நாலு பேர் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். அவர் மருமகள் சாந்தி மாத்திரைப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

அதற்கப்புறம் கொஞ்ச காலம், தூறல் போட்டாலே தெரு தூங்காது. யாரோ "ஏரி உடைஞ்சிடுச்சு" என்று ஒரு குரல் விட்டால் போதும், அடுப்பில் இருக்கிற சோற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்கள். பிறகு அது அப்படியே தலைகீழானது. "போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க, என்ன வந்துச்சு?" என்று காலை நீட்டிக்கொண்டு சீரியல் பார்த்தார்கள்.

அங்கேதான் நான் நுழைந்தேன். பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவள் இல்லையா? காற்றழுத்தத் தாழ்வு எங்கே நிற்கிறது, ஏரியில் எத்தனை அடி, மஞ்சள் அலர்ட்டா ஆரஞ்சு அலர்ட்டா, எல்லாவற்றையும் சரிபார்த்து, வதந்தியை வடிகட்டி, தப்பில்லாத தமிழில் குரூப்பில் போடுவேன். கும்பிடுகிற கை நாலு வரும். யாரும் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த மாட்டார்கள்.

நீ வாயே திறக்க மாட்டாய். உன் பழைய நீல ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், மழைக்குப் பயந்த கார்களெல்லாம் வரிசையாக நிற்கும் பெருங்களத்தூர் மேம்பாலத்தில் ஓரமாக நிறுத்திவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவாய். நீ தெருமுனை திரும்புவதற்குள் எல்லார் வீட்டிலும் அரிசி மூட்டை பரண் மேல் ஏறிவிடும். ராஜமாணிக்கம் சாரைத் தூக்க ஆள் வந்துவிடும். என் மாடிக்குத்தான் வருவார்கள், என் காபியைத்தான் குடிப்பார்கள். குடித்துவிட்டு, "நல்லவேளை, அக்கா வண்டிய எடுத்துச்சு" என்பார்கள். நீ அக்கா, நான் மிஸ். அங்கேயே பாதி தோற்றுவிட்டேன்.

ஒரு தடவை பாலத்துக்குக் கீழே பஞ்சர் கடையில் வண்டியை விட்டுவிட்டுக் குடையோடு வந்தாயே, நினைவிருக்கிறதா? வெயிலுக்குப் பிடித்த குடை அது. தெருவே மூட்டை கட்டிவிட்டது. ஒருத்தராவது உன்னைத் திட்டினார்களா? சிரித்து, உட்காரவைத்து, மோர் கொடுத்தார்கள். நான் ஒரே ஒரு தடவை ரெட் அலர்ட் என்று போட்டு மழை ஏமாற்றியதற்கு, வருஷக்கணக்கில் கேலி. "மிஸ் மழைன்னு சொல்லிட்டாங்க, தைரியமா வடாம் போடு" என்று எதிர்மாடியில் பேசிக்கொள்வது என் காதில் விழும்.

தாங்க முடியாமல் உன்னிடமே கேட்டேன். நீ இன்சூரன்ஸ் ஏஜென்ட், ஆளைப் பார்த்துப் பயம் காட்டி பாலிசி எழுதுகிறவள், உன்னை நம்புகிறார்கள். நான் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், என்னை ஏன் நம்பவில்லை என்று. நீ மொச்சை உரித்துக்கொண்டிருந்தாய். "நீ எத்தனை சென்டிமீட்டர்னு சொல்ற. நான் கிளம்புறேன். அவ்ளோதாண்டி." அப்புறம் நிமிர்ந்து என் பால்கனியைப் பார்த்தாய். "உனக்குக் காப்பாத்திக்க அங்க என்ன இருக்கு? மாடியிலேர்ந்து சொன்னா மாடிப் பேச்சாத்தான் கேக்கும்." குத்திக்காட்ட வேண்டும் என்று நீ சொல்லவில்லை. அதனால்தான் கூடுதலாக எரிந்தது. என்னிடம் வண்டி இல்லை, ஓட்டவும் தெரியாது.

போன வருஷம் கோடையில் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அடக்கத்துக்குத் தெருவே வந்து அழுதது. நீ நிறுத்தின இடத்திலேயே வண்டியை விட்டுவைத்தார் உன் வீட்டுக்காரர். தினமும் துடைப்பார், எடுக்க மாட்டார்.

ஐப்பசியில் ஏரி நிரம்பியது. சாயங்காலம் உபரிநீர் திறக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. உபரிநீர் என்றால் நம் வீட்டு ஹாலுக்கு வரப்போகிற தண்ணீர் என்று யாருக்கும் உறைக்கவில்லை. குரூப்பில் போட்டுப் பார்த்தேன். வழக்கம்போல் கும்பிடுகிற கைதான் வந்தது. ராஜமாணிக்கம் சாரின் நினைப்பு வந்து, கீழே இறங்கிப் போனேன். அவர் கட்டிலில் மல்லாந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் பாத்துக்கலாம் மிஸ். அக்கா வண்டி வாசல்லதான நிக்குது?"

சொல்லிவிட்டு அவளே கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். உன் பெட்டிக்குப் பூ வைத்த கை அது. மறக்கவில்லையடி, கண் பழகிவிட்டது. மற்ற வீடுகளில் கேட்டாலும் அதே கதைதான். வாயால் சொல்லவில்லை, போகிற போக்கில் உன் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். தூக்க ஆள் வராமல் சாந்தி ஒருத்தியால் சாரை அசைக்க முடியாது. உன் வண்டி நிற்கிறவரை ஆள் வராது.

எனக்கு வந்த கோபத்துக்கு நீ எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். உன் வீட்டுக்காரரிடம் போய்ச் சாவியைக் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஓட்டத் தெரியாதே, தள்ளினேன். டயரில் காற்று இல்லை. தூறலில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் உன் மணி கிணுகிணுக்க, வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே தள்ளினேன்.

இஸ்திரிக் கடை ஏழுமலை வெளியே வந்து பார்த்தான். "இன்னா மிஸ், அக்கா வண்டிய எங்க தள்ளிகினு போறீங்க?"

"பாலத்துக்கு."

அவன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்து பின்னாலிருந்து தள்ளினான். எங்களுக்குப் பின்னால் ஒவ்வொரு கேட்டாகத் திறந்தது, வண்டிகள் ஸ்டார்ட் ஆயின. நான் பாலத்திலிருந்து நடந்து திரும்பியபோது, ராஜமாணிக்கம் சார் பிளாஸ்டிக் நாற்காலியில் என் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் வந்தது. ராத்திரிக்குள் சாரின் கட்டில் மூழ்கிவிட்டது. சார் என் சோபாவில் சாய்ந்து இட்லி சாப்பிட்டார். எனக்கு ஒரு வார்த்தை வரும் என்று காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். சாந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செத்தும் அக்கா நம்மளக் காப்பாத்திடுச்சு" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். சார்கூட ஆட்டினார். வண்டியைத் தள்ளித் தோள்பட்டை கழன்றுபோனவள் நான்! காபியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். அழுகை பாதி உனக்காக, பாதி எரிச்சலில்.

உன் வீட்டுக்காரர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. இந்த வயதில் சாந்தியிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். முழங்கால் இரண்டிலும் தழும்பு. ஆனால் நினைத்தபடி எடுக்க முடிகிறதா? குரோம்பேட்டைக்குப் புடவை எடுக்கப் போனாலும் குரூப்பில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், இல்லையென்றால் தெரு மூட்டை கட்டிவிடும்.

இன்று மத்தியானம் சாந்தி கேட்டதற்கு என்ன எழுதினேன் தெரியுமா? கடலில் தாழ்வு எங்கே நிற்கிறது, ஏரியில் எத்தனை அடி, எல்லாம் என் போனில் இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டேன். "வாசல்லதான் இருக்கு. நான் வந்து எடுக்கிறேன்" என்று மட்டும் போட்டேன்.

உடனே பதில் வந்தது: "சரிக்கா."

இத்தனை வருஷமும் நான் அவளுக்கு மிஸ்தான். அந்தச் சொல் எனக்கு வந்ததா, பழக்கத்தில் உனக்கு வந்ததா என்று திருப்பித் திருப்பிப் படித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன். கேட்டு, உனக்குத்தான் என்று சொல்லிவிட்டால்?

பர்மிஷன் வந்துவிட்டது. முதல் துளி ஜன்னலில் விழுகிறது. கிளம்புறேண்டி.