ஒரே நாளில் காதுவரை வளர்ந்த கல்யாணக்கால்

இன்று காலை ஆட்டுக்கு முள்முருங்கைக் குழை ஒடிக்கப் போய் விரலில் முள் ஏறிவிட்டது. ஒடித்த கொம்பின் பச்சை வாசம் வந்ததும் உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது. சிரித்த முகம் இல்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "யாரு இந்தப் பக்கம் வந்தது?" என்று கேட்கிற முகம்.

பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டத்தில் நம் கல்யாணம் முடிந்த கையோடு, பந்தலில் நின்ற முள்முருங்கைக் காலைப் பிடுங்கி லயத்து வரிசையில் நம் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் பின்னால் ஊன்றினோம். அது தளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்றார்கள். நீங்கள் நுனியில் சாணியை அப்பினீர்கள், மஞ்சள் துணியை இறுக்கினீர்கள், பிறகு காவல் இருக்கத் தொடங்கினீர்கள். பக்கத்துக் காம்பரா அக்கா அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினால், "சுடுதண்ணியா?" என்று விரலை விட்டுப் பார்த்தீர்கள். கூடப் பிறந்த தம்பி அதில் சாய்ந்து பீடி குடித்ததற்கு அவனோடு பேச்சையே நிறுத்தினீர்கள். தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நின்ற முள்முருங்கைகளைக் கிளை கொத்தி, குழையை மண்ணுக்கு உரமாகப் போடுவதுதான் உங்கள் வேலை. அத்தனை மரம் பார்த்த மனுஷன் இந்த ஒரு குச்சியைக் கட்டிக்கொண்டு அழுகிறாரே என்று எனக்கு எரிச்சல்.

பீலியில் விழும் தண்ணீரைக் குடத்தில் பிடிக்கும்போது அந்த அக்காதான் சொன்னார். "மொத சம்சாரத்துக்கு ஊணுன காலு கருகிப்போச்சு. வருசம் திரும்பறதுக்குள்ள அந்தப் பொண்ணும் செத்துப்போயிருச்சு. ஒனக்குச் சொல்லலியா?"

எனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள் என்று தெரியும். கால் கதை தெரியாது. அன்றிலிருந்து நானும் உங்களைச் சந்தேகப்பட்டேன். மரத்தைச் சாக்கு வைத்து என்னைத்தான் எடை போடுகிறீர்கள் என்று பட்டது. கால் காய்ந்தால் ராசி கெட்டவள் என்று ஹட்டனுக்கு, அப்பா வீட்டுக்கே அனுப்பிவிடுவீர்கள். கொண்டுவந்த பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. வேர் விடும்வரை முள்முருங்கையின் அடியில் தண்ணீர் நிற்கக் கூடாது. லயத்துச் சாக்கடைக் கான் நிரம்பி அங்கேயே தேங்கியது. அடி கறுத்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன், பச்சை இல்லை. நான் உங்களிடம் சொல்லவில்லை.

மறுநாள் மாலை பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். காலையில் என் தோளுயரம் இருந்த கால் இப்போது காதுவரை நின்றது. முள்முருங்கை வேகமாக வளரும்தான், அதற்காக இவ்வளவு வேகமா? முன்பக்கம் இருந்த துணி முடிச்சு பின்பக்கம் போயிருந்தது.

"நல்லா வளருது பாத்தியா?" என்றீர்கள், கொஞ்சமும் வெட்கமில்லாமல். இந்த முறை சுற்றிலும் மேடு கட்டி, தண்ணீர் ஓட வழியும் வெட்டியிருந்தீர்கள். ஆனால் அடுத்த நொடியே, "காய்ச்சல் கீய்ச்சல் இல்லியே?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் என்னை எடை போடவில்லை. அவள் போன மாதிரி நானும் போய்விடுவேனோ என்று பயந்துகொண்டிருந்தீர்கள்.

காய்ந்த காலுக்குப் பதில் நடத் தேயிலை மலையில் மரம் திருடியது வெள்ளைக்காரத் துரைக்குத் தெரிந்தால் வேலையும் போகும், காம்பராவும் போகும். அடுத்த நாளே காவல்காரர் லயம் லயமாக விசாரித்து வந்தார். எல்லோரையும்விடச் சத்தமாக, "எவன்டா வெட்டுனவன்?" என்று கேட்டது நீங்கள்தான். அவர் நம் கல்யாணக் காலுக்கு அருகே குனிந்து, கிளறிய மண்ணையே பார்த்தார்.

"எங்க கல்யாணக் காலுங்க. தண்ணி நிக்குதுன்னு நான்தான் மண்ணக் கெளறிவிட்டேன்," என்றேன்.

நம்பினாரோ இல்லையோ, போய்விட்டார். அப்போது நீங்கள் என்னைப் பார்த்தீர்களே ஒரு பார்வை! இவளுக்குத் தெரியுமா, தெரியாதா? அந்தச் சந்தேகம் கடைசிவரை உங்களுக்குத் தீரவில்லை. நானும் தீர்த்துவைக்கவில்லை. வீட்டுக்குள் போய்ப் பெட்டியில் இருந்த சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டேன்.

நான் போகவில்லை. நீங்கள்தான் முந்திக்கொண்டீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வாரம் கீழ் லயத்துக்காரி மகன் கல்யாணத்துக்குக் கொம்பு கேட்டு வந்தாள். ராசியான மரமாம். வெட்டிக் கொடுத்தேன். அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காஞ்சிராதே அக்கா?" என்றாள்.

"காஞ்சா எங்கிட்ட வா, வேற வெட்டித் தாரேன். மருமகளா வர்ற புள்ளைய மட்டும் ஒண்ணும் சொல்லிராத," என்றேன்.