ஆர்னோ என்று அச்சடித்த பேனர்

இன்று காலை குயிலாப்பாளையம் பேக்கரி வாசலில் சுட்ட ரொட்டி வாசம் அடித்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு நின்றேன்.

இங்கே பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் நடத்தும் கெஸ்ட் ஹவுஸில் நீ வேலை பார்த்தாய். அங்கே மிஞ்சும் நீள ரொட்டியை நம்மூர் மரக்காணம் வரைக்கும் கொண்டுவருவாய். உப்பள வரப்பில் உட்கார்ந்து, உன் அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பில் முக்கித் தின்போம். "இந்தக் குழம்ப ஒரு பிரெஞ்சு அம்மாவுக்குக் குடுத்தேன்டா, இன்னொரு கரண்டி கேட்டாங்க" என்றாய் பெருமையாக. வரலாற்றில் எம்.ஏ. முடித்த உனக்கு அங்கே பெட்ஷீட் மாற்றுகிற வேலை. அய்யனார் என்ற பெயர் வாயில் நுழையவில்லை என்று உன்னை ஆர்னோ ஆக்கினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உனக்கு வரவில்லை.

ஒருநாள் போனில் ஒரு கல்லறைக் கல்லைக் காட்டினாய். ரோமர்கள் பிடித்த நாடு ஒன்றில், ஓர் ஆற்றுப் படகுக்காரனும் அவன் மனைவியும். உடை அந்த ஊர் உடை. வெட்டிய எழுத்து லத்தீன்.

"பேரப் பாருடா. சொந்தப் பேரு. எழுத்து ரோமாக்காரனுது, பேரு இவனுது. இது தோத்த கதையா?"

"ஜெயிச்சிருந்தா எழுத்தும் இவனுதா இருந்திருக்கும்."

"உனக்குச் சோத்துலயும் சண்டை வேணும்."

"சரிங்க, ஆர்னோ சார்."

குழம்புக் கையாலேயே என் முதுகில் அறைந்தாய்.

வேலை முடிந்து திரும்பும் வழியில், கடற்கரைச் சாலையில் லாரி மோதிச் செத்துப்போனாய். கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் உன் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். அவர்கள் கொடுத்த சட்டையில் நீ சிரிக்கிறாய். கீழே பெரிய தமிழ் எழுத்தில் ஆர்னோ. அய்யனார் எங்கேயும் இல்லை. அந்தப் படகுக்காரனுக்குக் கிடைத்தது கூட உனக்குக் கிடைக்கவில்லை. கயிற்றை அறுக்கக் கத்தியோடு போனேன்.

உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். உப்பு வாரி வெடித்த கை.

"வுட்டுடுப்பா."

"அது அவன் பேரே இல்லம்மா."

"எனக்குத் தெரியாதா? அய்யனாருன்னு வச்சவளே நான்தான். புள்ள சிரிக்கிற படம் வேற எங்கப்பா இருக்குது எங்கிட்ட?"

கத்தியை மடக்கினேன்.

காரியத்தன்று அவர் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். "அய்யனாரே, என் ராசா... எப்பா ஆர்னோ, எழுந்து வாடா!" சுற்றி இருந்த பெண்களும் இரண்டு பெயரையும் சேர்த்தே ஒப்பாரி வைத்தார்கள்.

நீ இருந்தால் இதைக் கலப்பு என்பாய். நான் பறிப்பு என்பேன். எதிர்த்துப் பேச நீ இல்லாமல் என் கோபம் பாதியில் நிற்கிறது. யாருமில்லாத உப்பளத்தில் சில சமயம் உன்னைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். என் வாயிலும் இப்போது இரண்டு பெயரும் வருகின்றன. எதற்கும் நீ திரும்புவதில்லை.