மூன்றாம் பந்திக்கு என்ன நட்சத்திரம்?

இன்று காலை உன் வீட்டுக் கராஜின் கதவைத் தூக்கியதும் புளி மணம் வந்தது. குத்துவிளக்குகளைப் புளி போட்டு மினுக்கி வைத்தவன் நீ. உன் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் நீ செய்த வேலை அது. அந்த மணத்துக்குக் கீழே, எத்தனை முறை கழுவினாலும் போகாத ஆட்டிறைச்சிக் குழம்பின் மணம். பச்சைக் கோடு போட்ட கிடாரங்கள் சைவச் சமையலுக்கு, சிவப்புக் கோடு போட்டவை மற்றதற்கு என்று நீ பிரித்து வைத்தது அப்படியே இருந்தது. மணம் மட்டும் அந்த ஒழுங்கை மதிக்கவில்லை.

அங்கே நின்றபோதுதான் கைபேசியில் மின்னஞ்சல் வந்தது. என் புதிய வியாபாரத்துக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். ‘மூன்றாம் பந்தி’ என்ற பெயர் இன்றுமுதல் என் பெயரில் பதிவாகியிருக்கிறதாம். புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான குறிப்புகளும் கீழே இருந்தன. எல்லாவற்றையும் தனியாகச் சுமக்காதீர்கள், நம்பிக்கையான ஒருவரோடு பேசுங்கள் என்றது முதல் குறிப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன். வேறு விசேஷம் இல்லை.

நீ பஸ் ஓட்டினாய். நான் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் மற்றவர்களின் இழப்புகளை வாசித்து, அவை இழப்புத்தானா என்று எழுதி அனுப்புகிறவன். ரோவில் புறநகரில் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த நாங்கள் கலியாண வீடுகளுக்கு ஒரே காரில் போவோம். பிந்தித்தான் போவோம். ஒருநாள் ஒரு கலியாணத்திலும் அப்படித்தான். முதற் பந்தியில் பெரியவர்கள் சாப்பிட்டார்கள், இரண்டாம் பந்தியில் பெரியவர்களைத் தெரிந்தவர்கள் சாப்பிட்டார்கள், மூன்றாம் பந்தியில் நாங்கள் உட்கார்ந்தோம். சோறு இருந்தது. கத்தரிக்காய்க் குழம்பு இருந்தது. கோப்பை, சாப்பிடுகிற தட்டு, முடிந்துவிட்டது.

பெண்ணின் சித்தப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நீ எழுந்து போய் ஐஸ்கிரீம் வாளியின் மூடி ஒன்றை எடுத்து, கைலேஞ்சியால் துடைத்து, அதிலே சோற்றைப் போடச் சொன்னாய்.

“மச்சான், இந்த ஊரிலை எங்கட ஆக்களிலை டொக்டர் இருக்கினம், எஞ்சினியர் இருக்கினம். மூண்டாம் பந்திக்கு ஒரு கோப்பை மட்டும் இல்லை.”

நான் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டேன். நீயோ எங்கேயோ ஒரு மண்டபத்தை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே இருந்த கோப்பைகள் முழுவதையும் வாங்கிக் கராஜில் அடுக்கிவிட்டாய். பிறகு கிடாரங்கள் வந்தன, அகப்பைகள் வந்தன, மடக்குக் கதிரைகள் வந்தன. எல்லாம் வாடகைக்கு விட. நானும் இதில் பங்காளி என்பதைக் கோப்பைகள் வந்து இறங்கிய பிறகுதான் எனக்குச் சொன்னாய்.

பெயர் பதிவதற்கு உங்கள் குசினி மேசையில் உட்கார்ந்தோம். வியாபார எண், எல்லோரும் ஏபிஎன் என்று சொல்வது, ஏற்கெனவே எடுத்தாயிற்று. பெயர்தான் மிச்சம். உன் மனைவி சாந்தி எங்களுக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டு உன் கதிரைக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். விரும்பிய பெயரைத் தட்டினால் அது கிடைக்குமா கிடைக்காதா என்று அந்தப் பக்கம் உடனே சொல்லிவிடும். நீ கடவுள்களில் தொடங்கினாய். ஒருவரும் ஓய்வாக இல்லை. தேடிப் பார்த்தால் ஒரு அம்மன் அழகு நிலையம் வைத்திருந்தா. இன்னொரு அம்மன் கொங்கிரீட் கலந்துகொண்டிருந்தா. பிள்ளையார் கணக்காளராகியிருந்தார்.

“முருகனைப் பாருங்கோவன்,” என்றாள் சாந்தி.

முருகன் குயின்ஸ்லாந்தில் நீச்சல் குளங்கள் துப்புரவு செய்துகொண்டிருந்தார்.

ஊர்ப் பெயர்களைப் பார்த்தாய், உன் அம்மாவின் பெயரைப் பார்த்தாய். கடைசியில் கதிரையில் சாய்ந்து, “என்ன பேரைப் போட்டாலும் எவனோ முந்தி வந்து இருந்து சாப்பிட்டிட்டுப் போட்டான். நாங்கள் எங்கை போனாலும் மூண்டாம் பந்திதான்,” என்றாய்.

சொன்னவன் நீ, தட்டியவன் நான். அவுஸ்திரேலியா முழுவதிலும் அந்தப் பெயரை எவரும் விரும்பியிருக்கவில்லை.

“சனம் சிரிக்கும்,” என்றாள் சாந்தி.

“சிரிக்கட்டும். சிரிச்சதைச் சனம் மறக்காது.”

ஒரு வருடத்துக்கா, மூன்று வருடத்துக்கா என்று அடுத்த கேள்வி. நான் ஒன்று என்றேன். என் தொழில் அப்படி. நீ என்னை ஒரு மாதிரிப் பார்த்தாய். “ஒரு வருசத்துக்கு ஆரும் பேர் வைப்பினமோ? உன்ரை பிள்ளைக்கு அப்பிடியே வைச்சனி?” என்று மூன்றை அழுத்தினாய். பங்காளிகளின் பெயர்களை நிரப்பும்போது உன்னுடையதை முதலில் போட்டாய். அகரவரிசை என்று காரணம் சொன்னாய். அகரவரிசைப்படி நான்தான் முன்னுக்கு வர வேண்டும். அதை அன்று சொல்லவில்லை. இப்போது சொல்வதால் வரிசை மாறப்போவதில்லை.

அந்த ஞாயிறு, சான்றிதழை அச்செடுத்துக்கொண்டு கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைச் சீட்டு எழுதுகிற அன்ரி நிமிர்ந்து பார்க்காமலே கேட்டா.

“ஆரின்ரை பேருக்கு?”

“மூன்றாம் பந்தி, அன்ரி.”

“பந்தியெல்லாம் முடிஞ்சுது தம்பி. இனி அடுத்த கிழமைதான் அன்னதானம்.”

நீ சான்றிதழை நீட்டினாய். அன்ரி கண்ணாடியை உயர்த்தி அதை ஆறுதலாக வாசித்தா. சிரிக்கவில்லை. “சரி, கடைக்கு. கடைக்கு என்ன நட்சத்திரம்?”

பதிவு செய்த நேரத்தை வைத்துக் கணிக்கலாமோ என்று நான் யோசித்தேன். நீ யோசிக்கவில்லை. “அனுஷம் எண்டு போடுங்கோ,” என்றாய். அது உன்னுடைய நட்சத்திரம். வெளியே வந்து செருப்பைப் போடும்போது, ஏன் என்னுடையதைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“உனக்கு ஏழரைச் சனியெல்லோ நடக்குது. கோப்பை முழுக்க உடைஞ்சுபோம்.”

ஏழரைச் சனி எனக்கு. போனது நீ. இதை எங்கே முறையிடுவது என்று தெரியவில்லை. அதற்கென்று ஒரு படிவம் எங்காவது இருக்குமென்றால் இந்த நாட்டில்தான் இருக்கும்.

நீ போன நாளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பஸ்ஸை டிப்போவுக்குள் கொண்டுவந்து நிறுத்தி, கைபிரேக்கைப் போட்டு, பிறகு ஸ்டியரிங்கில் சாய்ந்தாய். கைபிரேக் போட்டிருந்ததை உன்னோடு வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக வந்து எனக்குச் சொன்னார்கள். அதிலே ஏதோ ஆறுதல் இருக்கிறதென்று அவர்கள் நினைத்தார்கள். நான் ஓம் என்றேன்.

நான் அழவில்லை. கதிரை விரித்தேன். செத்த வீட்டுக்கும் எங்கள் கதிரைகள்தான், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கும் எங்கள் கிடாரங்கள்தான். பச்சைக் கோடு போட்டவை. மூன்றாம் பந்தியில் ஒருவரும் கோப்பைக்குக் காத்திருக்கவில்லை. ஒரு அங்கிள் வாய் நிறையச் சோற்றோடு, “நல்ல ஒழுங்கு. ஆர் பாத்தது?” என்று கேட்டார். நான் உன் படத்தைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார், தலையை ஆட்டினார், இன்னொரு வடை கேட்டார். கொடுத்தேன்.

பங்காளி ஒருவர் இறந்தால் கூட்டும் அன்றோடு முடிகிறது என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கூட்டு முடிந்தால் அதன் எண் முடியும். எண் முடிந்தால் அதில் தொங்கிக்கொண்டிருக்கும் பெயரும் விழும். விழுந்த பெயரை யாரும் பொறுக்கிக்கொள்ளலாம். அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால், நான் தனியாளாகப் புதிய எண் எடுத்து, பழைய கூட்டிடமிருந்து பெயரைக் கைமாற்றிக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் விசாரித்தேன். மறுமுனையில் ஒரு பெண், நல்ல பொறுமைசாலி.

“கைமாற்றத்துக்கு உங்கள் பங்காளியின் சம்மதம் வேண்டும். அவர் இப்போது உங்களோடு இருக்கிறாரா?”

“இல்லை.”

“அவரோடு எப்போது பேசலாம்?”

நான் கொஞ்சம் யோசித்தேன். “அவர் இறந்துவிட்டார்.”

“ஓ, மிகவும் வருந்துகிறேன்.” உண்மையாகவே வருந்தினார் என்று நினைக்கிறேன்; தட்டச்சுச் சத்தம் சிறிது நேரம் நின்றிருந்தது. பிறகு, உன் உடைமைகளுக்குச் சட்டப்படி பொறுப்பானவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். வேறு ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

பொறுப்பானவர் சாந்தி. தாள்களைக் கொண்டுபோய் அதே குசினி மேசையில் வைத்தேன். உன் மகள் பக்கத்தில் மடிக்கணினியோடு இருந்தாள். “அங்கிள், இட்ஸ் ஒன்லி எ நேம். வேறை புதுப் பேர் ஒண்டு எடுத்தா இவ்வளவு பேப்பர் வர்க் இல்லைத்தானே,” என்றாள். அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. எல்லா வகையிலும் அதுதான் சுலபம்.

சாந்தி ஒவ்வொரு பக்கமாக வாசித்தாள்.

“இதிலை நான் கையெழுத்து வைச்சா, இவரின்ரை பேர் எங்கை இருக்கும் அண்ணை?”

“பழைய பதிவிலை இருக்கும்.”

“புதிசிலை?”

“புதிசிலை என்ரை பேர் மட்டும்தான்.”

“அப்ப இவர் வைச்ச பேர் இருக்கும். இவர் இருக்கமாட்டார்.”

“ஓம்.”

வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம். மகள் தட்டுவதை நிறுத்திவிட்டுத் தாயைப் பார்த்தாள். சாந்தி பேனையை மூடினாள். “இண்டைக்கு வேண்டாம். யோசிச்சுப்போட்டுச் சொல்லுறன்.”

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. வேலைக்குப் போனேன். மற்றவர்களின் இழப்புகளை வாசித்தேன். வெள்ளத்தில் போன கம்பளங்கள், மரம் விழுந்த கார்கள். எல்லாவற்றுக்கும் படம் இணைத்திருந்தார்கள். வாடகைக்குக் கேட்டு வந்த அழைப்புகளுக்கு, கடை இப்போது கொஞ்சம் நிற்கிறது என்று சொன்னேன். எங்கே நிற்கிறது என்று ஒருவர் கேட்டார். விலாசம் கேட்கிறாராக்கும் என்று நினைத்து ரோவில் என்றேன்.

ஒருநாள் சாந்தி தானாகவே எடுத்தாள்.

“அண்ணை, நேற்று ஒரு பிள்ளை போன் எடுத்து, ‘மூன்றாம் பந்தி அங்கிள் நிக்கிறாரோ?’ எண்டு கேட்டது. சாமத்திய வீடாம், தங்கச்சி பெரியபிள்ளையாயிட்டாளாம்.”

“என்ன சொன்னீர்?”

“அவர் இல்லை எண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தனான். பிறகு பாத்தா, எத்தினை பேருக்கு எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறன்,” என்றாள். “அந்தப் பேப்பரைக் கொண்டு வாங்கோ.”

வைத்தாள், கையெழுத்தை. பேனையை மூடாமல் என்னிடம் தந்தாள்.

புதிய விண்ணப்பத்தை நான் தனியே இருந்து நிரப்பினேன். இது புதிய வியாபாரமா என்று கேட்டது. ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகள். ஓமெண்டும் சொல்லலாம், இல்லையெண்டும் சொல்லலாம் என்று நீ வழக்கமாகச் சொல்லும் பதிலுக்குப் பெட்டி வைத்திருக்கவில்லை. ஆம் என்று போட்டேன். ஒரு வருடத்துக்கா, மூன்று வருடத்துக்கா என்று கேட்டது. அதிலே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மூன்றை அழுத்தினேன்.

அப்படித்தான் இன்றைய வாழ்த்து வந்தது. கராஜைப் பூட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சான்றிதழை அச்செடுத்துக்கொண்டு கேரம் டவுன்ஸுக்குப் போனேன். ஆண்டு முடியும்வரை கோயிலுக்குப் போகாமலிருப்பது உன் வீட்டார்தான், நானில்லை. சீட்டெழுதும் இடத்தில் அதே அன்ரி.

“மூன்றாம் பந்தி,” என்றேன்.

“ஓ, அந்தக் கடையோ. மற்றத் தம்பி வரேல்லையோ?”

“இல்லை, அன்ரி.”

அவ எழுதத் தொடங்கினா. “நட்சத்திரம்?”

இறந்தவர்களுக்கு அர்ச்சனை செய்வதில்லை. அது எனக்கும் தெரியும். உன் பெயரைச் சொன்னால் அன்ரி பேனையை வைத்திருப்பா, என்னை இருத்தித் தண்ணீர் தந்திருப்பா. ஆனால் நான் கடைக்குத்தான் சீட்டெடுக்கிறேன். கடை உயிரோடு இருக்கிறது. கையில் சான்றிதழ் இருக்கிறது.

“அனுஷம்,” என்றேன்.

ஐயர் சீட்டைப் பார்த்து, பந்தி என்ற இடத்தில் ஒருமுறை தடக்குப்பட்டு, அனுஷ நட்சத்திரம் என்பதைத் தடக்காமல் உரத்துச் சொன்னார். மணி அடித்தது. கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் வைத்தேன். எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் நின்ற குழந்தை என் சான்றிதழை இழுத்துப் பார்த்தது.

திரும்பி வந்தபோது சாந்தி கராஜைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

“கடைக்கோ செய்தனீங்கள்?”

“ஓம்.”

“உங்கட நட்சத்திரமோ சொன்னனீங்கள்?”

“எனக்கு இன்னும் ஏழரைச் சனி முடியேல்லை,” என்றேன்.

அவள் தட்டிலிருந்த தேங்காய்ப் பாதியைக் கையில் எடுத்தாள். பிறகு திருநீற்றை எடுத்துத் தானும் பூசி, சுவரில் ஆணியில் தொங்கிய பழைய சான்றிதழிலும் ஒரு கீற்றுப் பூசினாள். புதியதை அதன் மேல் மாட்டப் போனேன். “மேலை வேண்டாம், பக்கத்திலை,” என்றாள். பக்கத்தில் ஆணி இல்லை. அதைக் கோப்பை அடுக்கின் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன்.

அந்தச் சாமத்திய வீடு இந்தச் சனிக்கிழமை. பெரிய பச்சைக் கோட்டுக் கிடாரத்தை வான் வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு காது. ஒன்றை நான் பிடித்தேன். குனிந்தபடியே மற்றக் காதுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன், பழக்கத்தில். கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருக்க வேண்டும்.

சாந்தி வந்து பிடித்தாள்.