தாய் மட்டும் கையெழுத்திடும் இடம்

திருத்தணி
14.2.2005

அன்புள்ள பாவாவுக்கு,

உங்கள் தமிழ்செல்வி எழுதுகிறேன். இங்கே உங்கள் நைனாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். போன ஜூலையில் அங்கே உங்களிடம் இருந்துவிட்டுத் திரும்பிய எனக்கு இப்போது எட்டாம் மாதம் நடக்கிறது. விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டரம்மா மறுபடியும் சொல்லிவிட்டார். குடலை வெட்டியெடுத்ததிலிருந்து மூன்று வருடமாகக் கழுத்துக் குழாயில் ஏறும் சத்திலேயே வாழும் நம் மகள் பார்கவி அங்கே அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், நான் இங்கே சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறேன். போன வாரம் போனில் அவள் குரல் ரொம்பச் சின்னதாகக் கேட்டது. குழாய்ச் சத்தால் ஈரல் கெட்டு, கண்ணில் மஞ்சள் கூடியிருக்கிறதா என்று கேட்டால் நீங்கள் பேச்சை மாற்றுகிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய ஃபாக்ஸைப் பேருந்து நிலையத்துக் கடையில் போய் வாங்கினேன். பதினோரு பக்கம். மூன்று முறை படித்தேன். அவளுக்கு வைக்கப்போகும் குடலை ஐஸில் எடுத்துவரும்போது, உங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்த கரைசலை அதன் உள்ளே நிரப்பலாமா என்று சம்மதம் கேட்கிறார்கள். அங்கே வேலை செய்கிற உங்கள் கையெழுத்து செல்லாதாம். போடு என்றோ வேண்டாம் என்றோ நீங்கள் சொல்லவும் கூடாதாம். தாய் மட்டும் போட வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்பில் குடலுறிஞ்சிகள் பாடம். பூந்துவாலையில் நூல்கள் நிற்பது போல குடலின் உட்சுவரில் நிற்கும் என்று சொல்லித்தான் எப்போதும் நடத்துவேன். இந்த முறை கரும்பலகையில் வரையும்போது கை நின்றுவிட்டது. நான்கு வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது நீங்கள் சொன்னீர்களே, ஐஸில் வைத்த குடல் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே மட்டும் பட்டினி கிடந்து அந்த நூல்களெல்லாம் உதிரும், அப்புறம் ரத்தம் பாயும்போது குடலிலிருக்கிற கிருமிகள் அந்த மொட்டைச் சுவர் வழியே உடம்பெல்லாம் ஏறும் என்று. அன்றைக்கு அது எலியின் குடல். கதை மாதிரி கேட்டுக்கொண்டேன்.

கையெழுத்துப் போடாவிட்டால் பழையபடி ஐஸ் மட்டும்தான். அப்படியென்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் தூரத்திலிருந்து வரும் குடலை வேண்டாம் என்று திருப்பிவிடுவார்களாம். அடுத்தது வரும்வரை அவள் ஈரல் தாங்குமா? போடலாமென்றால், இதற்குமுன் எலிகளுக்கும் பன்றிகளுக்கும்தான் செய்து பார்த்திருக்கிறார்கள், மனிதர்களில் ஆறே பேருக்கு. நான்கு பேர் நலம் என்று போட்டிருக்கிறது. மற்ற இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று ஒரு வரி இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கிருத்திகைக்கு மலைக்குப் போனேன், பஸ்ஸில்தான். சன்னதியில் என்ன கேட்பதென்றே தெரியவில்லை. சீக்கிரம் குடல் கிடைக்கவேண்டும் என்று வேண்டினால், எங்கோ ஒருத்தி பெற்ற பிள்ளை சாகவேண்டும் என்றல்லவா ஆகிறது? பயந்துபோய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

உங்கள் நைனா கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்ததும் அவரிடம் விவரம் சொன்னேன். "புதுசா செஞ்ச மருந்த எம் பேத்தி மேலயா பாக்கறது? அவன் இன்னா சொல்றான்?" என்று கேட்டார். அவர் எதுவும் சொல்லக்கூடாதாம் மாமா என்றேன். "பெத்தவன் வாய மூடிகினு, மாசமா கீற பொண்ணு கைல பேனாவக் குடுத்துட்டானா?" என்று கத்தினார். பிறகு சாப்பிடாமல் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். உங்களைத் திட்டியதற்கு அவருக்கே அழுகை வந்திருக்கும்.

பாவா, போடட்டுமா என்று நான் கேட்கவில்லை. உங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். ஒன்பது மணி நேரம் கழித்து இரண்டு விதக் குடலையும் திறந்தால் உள்ளே எப்படி இருக்கும்? அந்த இரண்டு பேர் என்ன ஆனார்கள்? கடிதம் கிடைத்தவுடன் போன் செய்யுங்கள். காகிதம் என் அலமாரியில் கையெழுத்தில்லாமல் இருக்கிறது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
தமிழ்செல்வி


திருத்தணி
18.3.2005

அன்புள்ள பாவாவுக்கு,

அன்றைக்குப் போனில் நீங்கள் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "ஐஸ்ல மட்டும் வெச்சத தொறந்தா உள்ள மொட்டையா இருக்குது, தமிழு. கரைசல் ஊத்தினதுல முக்காவாசி அப்படியே நிக்குது. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு உடம்பு ஏத்துக்கல. இன்னொரு கொழந்த ஏன் போச்சுன்னு எங்களுக்கே தெரியல." அப்புறம் அழுதீர்கள். கல்யாணமாகி எட்டு வருடத்தில் நீங்கள் அழுது நான் கேட்டதில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தால் நான் போட்டிருக்க மாட்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னீர்கள். போன் கடையிலேயே நின்று, பையில் கொண்டுபோயிருந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டு ஃபாக்ஸில் அனுப்பினேன். கையெழுத்து கோணலாக விழுந்தது. கடைக்கார கோதண்டம் பார்த்துவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டார்.

குடல் வந்து சேர ஒன்பது மணி நேரம் இருபது நிமிடம் ஆனது என்று நீங்கள் சொன்னபோது, எட்டுக்கு மேல் எத்தனை என்று விரல்விட்டு எண்ணினேன். ரத்தம் பாய்ந்ததும் இளஞ்சிவப்பாகி நெளிந்தது என்றீர்கள். ஏழாம் நாள் துளி கிள்ளிப் பார்த்து, நூல்கள் நிற்கின்றன என்றீர்கள். மாமாவிடம் சொன்னேன். "நின்னுகினு கீதா? ஆங்?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்புறம் வந்த காய்ச்சல் நான்கு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கிருமி உள்ளே ஏறிவிட்டதா, நான் போட்ட கையெழுத்தாலா என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அது கழுத்துக் குழாயில் வந்த காய்ச்சல், குடலால் இல்லை என்று தெரிந்து, குழாயை மாற்றியபின் நேற்று இறங்கியது என்றீர்கள். ஒரு கரண்டி கஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டு, "உப்பே இல்லப்பா" என்றாளாமே. மூன்று வருடத்தில் அவள் வாயில் பட்ட முதல் ருசி. சிரித்தேன். சிரித்து முடிக்கும் முன்னே பயம் வந்துவிட்டது. உடம்பு எந்த மாதமும், எந்த வருடமும் அதை வேண்டாம் என்று தள்ளலாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். இனிமேல் எந்த நாளை நல்ல நாள் என்று நினைப்பது?

திங்கட்கிழமை என்னை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். அங்கே வார்டில் போன் இருக்கிறது, நம்பரை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். பிரசவமான பெண் என்று பார்த்து எதையும் என்னிடம் மறைக்காதீர்கள்.

இன்னும் ஒன்று. பார்கவி தூங்கும்போது ஒரு தடவை போன் செய்து, அதை அவள் முகத்தருகே பிடியுங்கள். நீங்கள் பேச வேண்டாம். அவளை எழுப்பவும் வேண்டாம். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டால் போதும்.

இருவரும் நூறு வயது இருக்கவேண்டும்.

தமிழ்செல்வி