செங்கிச்சிலி

அக்கா,

பழக்கடையில் இன்று அந்தப் பழம் இருந்தது. வாங்கி வந்து குறுக்கே வெட்டினேன். உள்ளே அதே கருஞ்சிவப்பு, தோலில் அதே வாசனை. கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு நான் ஒரு வெளிநாட்டுச் சமையல் புத்தகத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். இந்தப் பழத்தை எங்கிருந்தோ வரவழைத்து உங்கள் அடுப்படிக்கு எடுத்து வந்தேன். 'ரத்த ஆரஞ்சு' என்று எழுதியிருந்ததை நான் படித்துக் காட்டியதும் கரண்டியோடு திரும்பினீர்கள்.

"திங்கிற சாமானுக்கு ரத்தம்னு பேரு வச்சா யாரு வாயில வைப்பா? எங்கம்மா ஆரஞ்சக் கிச்சிலின்னுதான் சொல்லும். இது உள்ள செவப்பு. செங்கிச்சிலின்னு எழுது."

"கிச்சிலின்னா நம்ம ஊர்ல சம்பா நெல்லுன்னுல்லக்கா நெனப்பாங்க?"

"நெல்ல யாரு உரிச்சுத் திங்கிறா?"

அதோடு விடவில்லை. பருப்பு ரசத்தை இறக்கி வைத்து, ஒரு பழத்தை அதில் பிழிந்தீர்கள். கொதிக்கும்போது பிழிந்தால் கசக்கும் என்றீர்கள். அந்தப் பக்குவத்தையும் புத்தகத்தில் அடிக்குறிப்பாகச் சேர்த்தேன். உங்கள் பெயரைச் சேர்க்கவில்லை.

வெளியீட்டு விழா மேடையில் ஒரு பேராசிரியர், "செங்கிச்சிலி என்ற சொல்லை எங்கே பிடித்தீர்கள்?" என்று கேட்டார். "பழைய அகராதிகளைப் பல நாள் புரட்டினேன்" என்றேன். ஹாஸ்டல் மெஸ்ஸில் சமைக்கிற பக்கத்து வீட்டு அக்கா சொன்னது என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. மெஸ்ஸுக்கு லீவு போட்டு வந்து, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, நீங்கள் கை தட்டிக்கொண்டிருந்தீர்கள்.

இறங்கி வந்ததும், "நல்லாப் பேசுன. எதாச்சும் சாப்ட்டியா?" என்றீர்கள். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். மறுநாளும் ரசம் டப்பா வந்தது. நீங்கள் மாரடைப்பில் இறந்த வாரம்வரை வந்தது.

பதினாறாம் நாள் காரியத்தன்று உங்கள் மகள்தான் எனக்குப் பரிமாறினாள். "அம்மா ஒங்களப் பத்திப் பெருமையாச் சொல்லிட்டே இருக்கும். எத்தனையோ புத்தகத்தப் பொரட்டி அந்தப் பேரக் கண்டுபுடிச்சீங்களாமே?" என்று கேட்டாள்.

என் பொய்யை உங்கள் வீட்டுக்குள்ளும் நீங்கள் காப்பாற்றி வைத்திருந்தீர்கள். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். இலையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாம்மா" என்றேன்.

இன்று ரசத்தை இறக்கி வைத்துத்தான் பிழிந்தேன், கசக்கவில்லை. ஒரு டம்ளர் குடித்துவிட்டு உங்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களுக்கு எழுதுவது சுலபம் அக்கா, நீங்கள் படிக்கப்போவதில்லை. உண்மையைச் சொல்லவேண்டிய உங்கள் மகள் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். சத்தம் கேட்கிறது.